பாட்டிக்கு வீடியோ கால்: செல்போனா, டேப்லெட்டா?

குடியாத்தத்தில் இருக்கும் பாட்டி வெளிநாட்டுப் பேரனோடு பேச எது வசதி?

செல்போன் கைக்கு அடக்கம், கூடுதல் செலவு இல்லை. ஆனால் கை நடுங்கும். பாதி நேரம் நெற்றிதான் தெரியும்.

டேப்லெட்டை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் பூ கட்டிக்கொண்டே பேசலாம். காது மந்தமானவர்களுக்கு உதட்டசைவு பெரிதாகத் தெரிவது எவ்வளவு பெரிய உதவி! ஜன்னலுக்கு முதுகு காட்டி மட்டும் உட்கார வைக்காதீர்கள், முகம் இருண்டுவிடும். வைஃபை இல்லாத வீடென்றால் சிம் போடும் மாடலாக வாங்குங்கள்.

பேரன் துபாயில் இருந்தால் இரண்டிலும் ஒரே சிக்கல்: அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால், பலரும் போட்டிம் செயலியில்தான் பேசுகிறார்கள்.

என் ஓட்டு டேப்லெட்டுக்கு. அப்புறம், இங்கே மாலை 7 மணி என்றால் நியூயார்க்கில் கோடையில் காலை 9.30, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.