பட்டியல் போடுவதா, பணம் கொடுப்பதா, கூடிப் பேசுவதா?

மருத்துவத்தின் தரத்தை அளந்து பார்க்க வேண்டும் என்பதில் இன்று பெரிய தகராறு எதுவும் இல்லை. தகராறெல்லாம் அளந்த பிறகுதான். கிடைத்த எண்ணை யார் கையில் கொடுப்பது? ஊரே பார்க்கும்படி பட்டியல் போடலாம். நல்ல எண் காட்டியவருக்குப் பணம் கொடுக்கலாம். வெளியே விடாமல் மருத்துவர்களே கூடி உட்கார்ந்து அலசலாம். மூன்றையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அதிலும் முதல் வழியும் கடைசி வழியும் ஏறக்குறைய ஒரே காலத்தில், இதய பைபாஸ் என்ற ஒரே அறுவை சிகிச்சையில், அமெரிக்காவுக்குள் ஒன்றுக்கொன்று அண்டையான மாநிலங்களில் நடந்தன. யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட ஒப்பிட இவ்வளவு தோதாக அமைந்திருக்காது.

நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை 1989இல் பைபாஸ் செய்துகொண்ட ஒவ்வொருவரின் விவரத்தையும் திரட்டத் தொடங்கியது. வயது, இதயத்தின் நிலை, கூடவே இருக்கும் நோய்கள் ஆகியவற்றை வைத்து, இப்படிப்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் இறக்கலாம் என்று கணக்கிட்டு, உண்மையில் இறந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, மருத்துவமனை வாரியாக வெளியிட்டது. மருத்துவர்களின் பெயரைப் போட்டு வெளியிடத் துறைக்கு மனமில்லை. நியூஸ்டே நாளிதழ் நீதிமன்றம் வரை போய் 1991இல் அதையும் வாங்கிவிட்டது. நோயாளிகளின் நிலைக்கேற்பத் திருத்திய இறப்பு விகிதம் 1989இல் 4.17 சதவீதம், 1992இல் 2.45 சதவீதம், அதாவது 41 சதவீதக் குறைவு. எப்போதாவது மட்டும் பைபாஸ் செய்துவந்த 27 மருத்துவர்கள் அந்த இடைவெளியில் அதையே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய இறப்பு விகிதம் மாநிலச் சராசரியைவிட மிக அதிகம் என்பதால் யாரும் வருந்தத் தேவையில்லை.

பட்டியலில் கீழே போன ஒரு மருத்துவமனை என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆல்பனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனை, தன் எண் ஏன் மோசம் என்று நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தது. திட்டமிட்டுச் செய்த அறுவைகளில் குறை இல்லை. மாரடைப்போடு அவசரமாக வந்தவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். அவர்களை உடனே மேசையில் கிடத்தாமல், முதலில் ரத்த ஓட்டத்தைச் சீராக்கி உடல்நிலையை நிலைப்படுத்திவிட்டு அறுவைக்கு எடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவசர நோயாளிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. பட்டியல் இல்லாவிட்டால் இந்தத் தேடலே நடந்திருக்காது என்று வாதிட இடமுண்டு.

இனி அடுத்த பக்கம். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களின் இதய அறுவை மருத்துவர்கள் 1987இல் தாங்களே ஒரு குழு அமைத்துக்கொண்டார்கள். ஐந்து மருத்துவமனைகள், 23 அறுவை மருத்துவர்கள். முதலில் கணக்குப் பார்த்தபோது இறப்பு விகிதம் மருத்துவமனைக்கு மருத்துவமனை 3.1 முதல் 6.3 சதவீதம் வரையிலும், மருத்துவருக்கு மருத்துவர் 1.9 முதல் 9.2 சதவீதம் வரையிலும் இருந்தது. "என்னிடம் வருபவர்கள் ரொம்ப முற்றிய நோயாளிகள்" என்ற வழக்கமான பதில் இங்கே எடுபடவில்லை. நோயின் கடுமையைக் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் போகவில்லை.

அப்புறம் அவர்கள் செய்தவை மூன்று. அவரவர் எண்ணை அவரவரிடம் தொடர்ந்து கொடுத்தார்கள். தர மேம்பாட்டு முறைகளில் பயிற்சி எடுத்தார்கள். ஒரு மருத்துவமனையின் குழு இன்னொரு மருத்துவமனைக்குப் போய் நேரில் பார்த்தது. அறுவை மருத்துவர் மட்டும் போகவில்லை. மயக்கமருந்து மருத்துவர், இதய-நுரையீரல் கருவியை இயக்குபவர், செவிலியர் என எல்லோரும் போனார்கள். வருடக்கணக்கில் ஒரே அறையில் வேலை செய்கிறவருக்குத் தன் பழக்கம் பழக்கமாகவே தெரியாது. அடுத்தவர் அதையே வேறு மாதிரி செய்யும்போதுதான் கண்ணில் படும். யார் எப்படி இறந்தார் என்றும் ஒவ்வொரு மரணமாகப் புரட்டினார்கள். மருத்துவர்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் பெரும்பகுதி ஒரே காரணத்தில் வந்து நின்றது: அறுவைக்குப் பின் இதயம் போதிய ரத்தத்தை வெளித்தள்ள முடியாமல் போவது. வெறும் சதவீதம் இதைச் சொல்லியிருக்காது. 1996இல் வெளியான அவர்களுடைய முடிவு, இறப்பு 24 சதவீதம் குறைந்தது, எதிர்பார்த்ததைவிட 74 மரணங்கள் குறைவு என்றது.

அவசரக்காரர் 41க்கும் 24க்கும் இடையே நியூயார்க்கை வெற்றி பெற்றதாக அறிவித்துவிடுவார். அப்படிச் செய்ய முடியாது. பட்டியலும் இல்லாத, இப்படி ஒரு குழுவும் இல்லாத மாசசூசெட்ஸில் 1990க்கும் 1994க்கும் இடையே பைபாஸ் இறப்பு 4.7இலிருந்து 3.3 சதவீதமாக இறங்கியது. நாடு முழுக்கவே அப்போது இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆக, இரு தரப்பும் தம் கணக்கில் எழுதிக்கொண்டதில் ஒரு பங்கு தானாகவே வந்திருக்கக்கூடியது. மீதியை எந்த விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதுதான் என் பார்வையில் சரியான ஒப்பீடு.

பட்டியலின் விலை அதிகம். நியூயார்க்கில் பைபாஸ் நோயாளிகளிடையே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் 1989இல் சுமார் 7 சதவீதம் பேருக்கு இருந்ததாகப் பதிவு. இரண்டே ஆண்டில் அது 17 சதவீதத்தைத் தாண்டியது. மாநிலத்தின் நுரையீரல்கள் திடீரென்று கெட்டுப்போகவில்லை. நோயாளி எவ்வளவு மோசமாகத் தெரிகிறாரோ அவ்வளவுக்கு மருத்துவரின் எண் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். இதிலாவது யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதே போலப் பட்டியல் வெளியிட்ட பென்சில்வேனியாவில் கேட்டபோது, அறுவை மருத்துவர்களில் 63 சதவீதம் பேர், நிலைமை மோசமான நோயாளிகளை ஏற்கத் தங்களுக்கு முன்புபோல் மனம் வருவதில்லை என்றார்கள். இரு மாநிலங்களையும் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டு 2003இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு, நோய் முற்றியவர்களுக்குப் பட்டியலால் கேடுதான் என்று முடித்தது. சரி, நோயாளிகளாவது பட்டியலைப் பார்த்து மருத்துவரைத் தேர்ந்தெடுத்தார்களா? பென்சில்வேனியாவில் தன் அறுவை மருத்துவரின் தர எண்ணை அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இன்னொரு சங்கடம் வெறும் கணக்கு சம்பந்தப்பட்டது. ஒரு மருத்துவரின் உண்மையான இறப்பு விகிதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வருடத்துக்கு 100 அறுவை செய்கிறார். கைத்திறமை துளியும் மாறாமலே, ஒரு வருடம் யாருமே இறக்காமல் போக சுமார் 5 சதவீத வாய்ப்பு. 6 பேரோ அதற்கு மேலோ இறக்க சுமார் 8 சதவீத வாய்ப்பு. பட்டியல் முதல் ஆண்டு அவரை மேதை என்னும், இரண்டாம் ஆண்டு ஆபத்தானவர் என்னும். இந்த ஏற்ற இறக்கத்தையும் உண்மையான மாற்றத்தையும் பிரித்துக் காட்டத்தான் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் 1924இலேயே கட்டுப்பாட்டு வரைபடம் வரைந்தார். ஒரே இடத்தின் எண்ணை மாதாமாதம் கோடாக வரைந்து பார்ப்பது, ஐம்பது பேரை வரிசைப்படுத்துவதைவிட நூறு மடங்கு உபயோகம்.

பணம் கொடுக்கும் வழியைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு இல்லை. பிரிட்டன் 2004இல் குடும்ப மருத்துவர்களுக்கு 146 அளவுகோல்கள் வைத்துப் பணம் கொடுத்தது. ஆஸ்துமா, சர்க்கரை நோய்க் கவனிப்பு முதலில் வேகமாக ஏறியது, பிறகு தேங்கியது. பணம் இல்லாத சில வேலைகள் பின்தங்கின. 2014இல் சில அளவுகோல்களுக்குப் பணத்தை நிறுத்தியதும் அவற்றின் பதிவுகள் உடனே சரிந்தன. கவனிப்பே குறைந்ததா, எழுதி வைப்பது மட்டும் குறைந்ததா என்று சொல்வது கடினம். அந்தக் குழப்பமே இந்த வழியின் குறை.

அப்படியானால் கூடிப் பேசுவதே போதுமா? பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்தில் நடந்தது நினைவில் இருந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அந்த நகரத்தின் மருத்துவமனையில் குழந்தைகளின் இதய அறுவையில் இறப்பு அதிகம் என்று உள்ளேயே ஒரு மயக்கமருந்து மருத்துவர் எண்களைச் சேர்த்துக் காட்டினார். மேலே இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1991 முதல் 1995 வரை மட்டும் 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்ததாக 2001இல் விசாரணை அறிக்கை சொன்னது. அறைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்க மனமிருந்தால்தான் மூடிய அறை வேலை செய்யும்.

எனவே என் தேர்வு கலப்படமானதுதான். எண் முதலில் வேலை செய்கிறவர் கைக்குப் போகட்டும், அதுவும் சூடு ஆறுவதற்குள். மருத்துவமனை அளவிலான எண், சில ஆண்டுகளைச் சேர்த்து, வெளியே வரட்டும். பிரிஸ்டல் போன்ற இடங்களை அதுவே காட்டிக்கொடுக்கும். தனி மருத்துவரின் பெயர் போட்ட வரிசைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நியூயார்க் இன்றும் அதை வெளியிடுகிறது. ஒரே ஆண்டின் எண்ணை நம்பாமல் மூன்று ஆண்டுகளைச் சேர்த்து வெளியிடுகிறது என்பதை மட்டும் அதன் பக்கம் எழுதிக்கொள்ளலாம்.