குழந்தைக்கு எந்தக் காப்பீடு: மெடிக்கெய்டா, சிப்பா, ஆபீஸ் திட்டமா?

அமெரிக்காவில் சுமாரான சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம்மவர்கள், அதாவது போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளர்கள், பிஎச்டி மாணவர்கள், சின்னக் கம்பெனி ஊழியர்கள், சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்கள், காப்பீடு என்று வந்தால் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். ஆபீசில் என்ன திட்டம் தருகிறார்களோ, பிள்ளைகளையும் அதிலேயே சேர்த்துவிடுவது. குடும்பம் முழுக்க ஒரே திட்டத்தில் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெற்றோர் ஆபீஸ் திட்டத்தில் இருக்க, பிள்ளைகள் மட்டும் மெடிக்கெய்ட், சிப் என்ற அரசுத் திட்டங்களில் ஒன்றில் இருக்கலாம். பல வீடுகளுக்கு அதுதான் கட்டுப்படியாகும். "அதெல்லாம் ஏழைகளுக்கு" என்ற கூச்சம்தான் விண்ணப்பம் போடவே விடுவதில்லை.

முதலில் வருமானக் கணக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு 2025-ம் ஆண்டின் கூட்டாட்சி வறுமைக்கோடு 32,150 டாலர் (அலாஸ்கா, ஹவாய்க்குத் தனிக் கணக்கு). மெடிக்கெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் காப்பீடு. குழந்தைகளுக்கு அது எந்த மாநிலமானாலும் குறைந்தது இதில் 138 சதவீதம் வரை, அதாவது சுமார் 44,000 டாலர் வரை கிடைக்கும். அதற்கு மேல் வருமானம் இருந்து, தனியார் காப்பீடு வாங்கவும் முடியாத வீடுகளுக்காக 1997-ல் வந்தது சிப் (CHIP), குழந்தைகளுக்கான அரசுக் காப்பீடு. எட்வர்ட் கென்னடியும் ஆரின் ஹாட்ச்சும், எதிரெதிர்க் கட்சி செனட்டர்கள், சேர்ந்து கொண்டுவந்த திட்டம். இதன் உச்சவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் 201 சதவீதம், 2025 கணக்கில் சுமார் 64,600 டாலர். நியூயார்க்கில் சிப்பின் பெயர் சைல்ட் ஹெல்த் பிளஸ், அதில் 400 சதவீதம் வரை மானியம் உண்டு. அதாவது 1,28,000 டாலர் சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் இடம் உண்டு. இதை ஏழைகளுக்கான திட்டம் என்று எப்படிச் சொல்வது?

பார்க்கப்படுவது முழுச் சம்பளம் இல்லை. 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் வரிக்கு முன் போடும் பணம் கழிந்துவிடும். அதே 2025 வரம்பை வைத்துப் பார்த்தால், நாலு பேர் குடும்பத்தோடு டெக்சஸில் இருக்கும் 66,000 டாலர் சம்பளக்காரர் வருடத்துக்கு 3,000 டாலர் அதில் போட்டால் 63,000 ஆகிறது. வரம்புக்கு வெளியே இருந்த பிள்ளைகள் உள்ளே வந்துவிடுவார்கள். 2014 முதல் பெரும்பாலான குழந்தைகளுக்கு வங்கிச் சேமிப்பு, கார், வீடு எதையும் பார்ப்பதில்லை.

மெடிக்கெய்டா சிப்பா என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே விண்ணப்பம்தான், வருமானத்தைப் பார்த்து அவர்களே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அனுப்புவார்கள். ஆனாலும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், அது சின்ன வித்தியாசம் இல்லை. மெடிக்கெய்டில் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு சிறப்பு விதி இருக்கிறது: பரிசோதனையில் ஒரு குறை தெரியவந்தால், மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சையை மாநிலம் கொடுத்தே ஆக வேண்டும், பெரியவர்களுக்கு அது அந்த மாநிலத்தில் கிடையாது என்றாலும். காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, ஸ்பீச் தெரபி எல்லாம் இதில் அடங்கும். ஆட்டிசம் சிகிச்சைகளும் இந்த விதிக்குள் வரும் என்று 2014-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. மெடிக்கெய்டின் பகுதியாக இல்லாமல் தனியாக நடத்தப்படும் சிப் திட்டங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தெரபிக்கு வருடத்துக்கு இத்தனை முறை என்று அவை எல்லை போடலாம். இரண்டரை வயதில் பேச்சு வராத பிள்ளைக்கு வாரம் இரண்டு அமர்வு வேண்டியிருக்கும்போது அந்த எல்லை எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு இயலாமை கடுமையாக இருந்தால், பல மாநிலங்களில் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமலே மெடிக்கெய்ட் தரும் வழி ஒன்று இருக்கிறது. அயோவாவைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற சிறுமியின் நிலையால் 1982-ல் வந்தது, இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். இதைக் கேள்விப்படாத பெற்றோர் ஏராளம்.

செலவிலும் இரண்டுக்கும் இடைவெளி உண்டு. மெடிக்கெய்டில் குழந்தைக்குக் கையிலிருந்து போவது அநேகமாக ஒன்றுமில்லை. சிப்பில் கொஞ்சம் உண்டு: டெக்சஸில் குடும்பத்துக்கு வருடக் கட்டணம் 50 டாலரைத் தாண்டாது, அப்புறம் கோ-பே, அதாவது ஒவ்வொரு விசிட்டுக்கும் நாம் கட்டும் சிறு தொகை. எப்படியானாலும் பிரீமியமும் கோ-பேயும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தடுப்பூசி, வழக்கமான பரிசோதனை இலவசம். பல் சிகிச்சையும் உள்ளே.

இனி ஆபீஸ் திட்டம். ஊழியருக்கான பிரீமியத்தில் பெரும்பகுதியைக் கம்பெனி கட்டும். பிள்ளைகளைச் சேர்க்கும்போதுதான், குறிப்பாகச் சின்னக் கம்பெனிகளில், சம்பளச் சீட்டில் பெரிய ஓட்டை விழும். டிடக்டிபிள் (காப்பீடு கட்டத் தொடங்கும் முன் வருடத்தில் நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகமுள்ள திட்டமானால் காதுவலிக்குப் போன ஒரு விசிட்டுக்கும் முழு பில் நம் தலையில். ஆனால் ஒரு விஷயத்தில் ஆபீஸ் திட்டம்தான் ஜெயிக்கிறது: டாக்டர்கள். மெடிக்கெய்ட் தரும் கட்டணம் குறைவு என்பதால் சில குழந்தை மருத்துவர்கள் புது நோயாளிகளை எடுப்பதில்லை. பல் மருத்துவர், நிபுணர் என்று போனால் இன்னும் சிரமம். மாநிலத்தை விட்டு வெளியே போனால் பெரும்பாலும் அவசர சிகிச்சை மட்டும்தான். ஆகவே பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு இதய நிபுணரோ சிறுநீரக நிபுணரோ பார்த்துக்கொண்டிருந்தால், முதல் போன் அந்த கிளினிக்குக்கு: "இந்தத் திட்டத்தை எடுக்கிறீர்களா?"

இன்னொரு நுணுக்கம். ஆபீஸ் திட்டத்தையும் மெடிக்கெய்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். ஆபீஸ் திட்டம் முதலில் கட்டும், மிச்சத்தை மெடிக்கெய்ட் பார்த்துக்கொள்ளும். தனி சிப் அப்படியில்லை, அது வேறு காப்பீடு இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும். மாறும்போது நடுவில் இடைவெளி விழாமல் தேதி பார்த்துச் செய்யுங்கள்.

மார்க்கெட்பிளேஸ், அதாவது தனிநபர்கள் காப்பீடு வாங்க அரசு நடத்தும் சந்தை, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெடிக்கெய்டுக்கோ சிப்புக்கோ தகுதியுள்ள பிள்ளைக்கு அங்கே வரிச்சலுகை கிடையாது, முழு விலைதான். அதன் கதவும் வருடத்தில் சில வாரங்களே திறந்திருக்கும். அரசுத் திட்டங்களுக்கு எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம்.

விசா விஷயம் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். இங்கே பிறந்த குழந்தை குடிமகன். அப்பா ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறார் என்பது அதன் தகுதியைப் பாதிக்காது. ஹெச்-4-ல், அதாவது ஹெச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான விசாவில், வந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள 2009-ம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கு அனுமதி தந்தது. எல்லா மாநிலமும் அதை ஏற்கவில்லை. பிள்ளை வாங்கும் சிப், பெற்றோரின் கிரீன் கார்டுக்கு எதிராக எண்ணப்படாது என்றுதான் 2022-ம் ஆண்டு விதி சொல்கிறது. குடியேற்ற விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுவதால், விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சேர்ந்தபின் கவனிக்க வேண்டியது புதுப்பித்தல் கடிதம். 2024 ஜனவரியிலிருந்து, ஒருமுறை சேர்ந்த குழந்தைக்குப் பன்னிரண்டு மாதம் காப்பீடு நிலைக்கும், நடுவில் சம்பளம் கூடினாலும். ஆனால் வருடம் முடிந்து வரும் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் பெயர் போய்விடும். யார் பெயரையும் நீக்காமல் வைத்திருந்த கொரோனா காலச் சலுகை 2023-ல் முடிந்தபோது தகுதி இருந்தும் பெயர் போன குழந்தைகள் ஏராளம். காரணம் பல நேரம் பழைய முகவரிக்குப் போன கடிதம்தான். வீடு மாறினால் முகவரியை அன்றே மாற்றுங்கள்.

சிப் 19-வது பிறந்தநாளோடு முடிகிறது. அரசுக் காப்பீடு போனால் ஆபீஸ் திட்டத்தில் சேர 60 நாள் அவகாசம் உண்டு. அதில் 26 வயது வரை பிள்ளை இருக்கலாம். ஆனால் பிறந்தநாளைக் கம்பெனி ஹெச்ஆர் நினைவில் வைத்திருக்காது, நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.