"உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்று ஆரம்பிப்பவர்களிடம் கவனம்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் தன்னார்வக் குழுவில் நான்கு வருடம் இருந்தேன். அங்கே நான் ஏமாந்த கதை இது. ஆளின் பெயரும் குழுவின் பெயரும் வேண்டாம். அவர் எப்படிச் செய்தார் என்பது தெரிந்தால் போதும்.

குழுவில் மூத்தவர் அவர். எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மைக்கை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், பாடத்தில் வரைபடம் வந்தால் பார்க்க முடியாதவருக்கு அதை எப்படி விவரிக்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்த நன்றிதான் பிற்பாடு என் வாயைக் கட்டிப்போட்டது.

எட்டாவது மாதம் கைமாற்று கேட்டார். "உங்ககிட்ட மட்டும்தாம்மா சொல்றேன். குழுவில யாருக்கும் தெரிய வேண்டாம்." கொடுத்தேன். அதற்குப் பிறகு அடிக்கடி வேறொரு செய்தியும் கொண்டுவருவார். எங்களோடு வாசிக்கும் ஒரு அக்கா, என் உச்சரிப்பைக் கேலி செய்கிறாராம். நம்பினேன். ஏறக்குறைய ஒரு வருடம் அந்த அக்காவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. இப்போது நினைத்தாலும் பணம் போனதைவிட இதுதான் வலிக்கிறது.

அந்த அக்கா குழுவை விட்டு விலகிய பிறகு நாங்கள் தற்செயலாகச் சந்தித்தோம். நான் அவரைக் கேலி செய்ததாக அவரிடமும் சொல்லப்பட்டிருந்தது. அவரும் கடன் கொடுத்திருந்தார். அதே வாக்கியம், அதே ரகசியம். ஒவ்வொருவராக விசாரித்தோம், ஏழு பேர் தேறினோம். நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் கடன் வெளியே வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அத்தனை கோளும்.

குழுக் கூட்டத்தில் அண்ணனிடம் கேட்டோம். முதலில் இல்லவே இல்லை என்றார். பிறகு என் நடத்தையைப் பற்றிப் பேசினார். கடைசியில், இத்தனை வருடம் உழைத்த தன்னை எல்லோரும் சேர்ந்து துரத்துவதாகச் சொல்லி அழுதார். அரை மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான் என்று ஆகிவிட்டது. மறுப்பது, எதிர்த்துத் தாக்குவது, பாதிக்கப்பட்டவர் தானே என்று இடம் மாறிக்கொள்வது: இந்த வரிசைக்கு உளவியலாளர் ஜெனிஃபர் ஃபிரெய்ட் 1997-இல் 'டார்வோ' என்று பெயர் வைத்திருக்கிறார். எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் அன்று வாயடைத்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒருங்கிணைப்பாளர் சொன்ன பதில்: "அவர் சுபாவம் அப்படி. அவரை விட்டா வேலை நின்னுடும்."

வேலை அவரால்தான் நின்றது. அந்தக் கூட்டத்துக்குப் பின் நான்கு வாசகர்கள் சத்தமில்லாமல் விலகினார்கள். வேதியியல் புத்தகம் பாதியில் நின்றது. தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாணவிக்குப் பாதிப் புத்தகம்தான் போய்ச் சேர்ந்தது.

குழு நடத்துபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பாசன நீர், மீன்வளம், காடு போன்றவற்றைத் தங்களுக்குள்ளேயே பகிர்ந்து பாதுகாத்த மக்கள் குழுக்களை ஆராய்ந்தவர். நீண்ட காலம் நிலைத்த குழுக்களில் விதி மீறியவருக்கு முதலில் சிறிய தண்டனை, மீண்டும் மீண்டும் மீறினால் பெரிய தண்டனை என்று படிப்படியாக இருந்தது. சச்சரவை உடனுக்குடன், அதிகச் செலவில்லாமல் தீர்த்துக்கொள்ள ஓர் இடமும் இருந்தது. எங்களிடம் இரண்டுமே இல்லை. அவரைச் சும்மா விடுவது, இல்லையென்றால் வெளியே அனுப்புவது, இவ்வளவுதான் வழி என்று நினைத்தோம். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை மட்டுமாவது முதலிலேயே அவரிடமிருந்து எடுத்திருக்கலாம். புகார் சொல்பவரை எல்லோர் முன்னாலும் அவருக்கு எதிரே நிறுத்தாமல் தனியாக உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். விலகிப் போனவர்களை அழைத்து, ஏன் போனீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே எல்லாம் வெளிவந்திருக்கும். கோபக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டாவது இருப்பார்கள். நல்லவர்கள்தான் காரணம் சொல்லாமல் போய்விடுகிறார்கள்.

பணம் ஒருவருக்கும் திரும்பி வரவில்லை. மீதி வேதியியல் பாடங்களை அந்த அக்காவும் நானும் சேர்ந்து வாசித்து முடித்தோம். அந்த அண்ணன் இப்போது வேறொரு குழுவில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தக் குழுவிலிருந்து எங்களை அழைத்து யாரும் விசாரிக்கவில்லை.