பியானோ பிளாக்கும் என் துணியும்: ஆறு வருட அனுபவம்

2019 மார்ச்சில் கார் எடுத்தபோது ஷோரூம் வெளிச்சத்தில் என்னை மயக்கியது கியரைச் சுற்றியிருந்த அந்தக் கறுப்புப் பளபளப்புதான். பியானோ பிளாக் பிளாஸ்டிக் என்பார்கள். முகம் பார்த்துத் தலைவாரலாம் போல இருந்தது. மூன்றாவது மாதம், சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போகும் வழியில், கேஜேஇ விரைவுச்சாலையில் இடப்பக்க ஜன்னல் வழியாகக் காலை வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. அந்தப் பளபளப்பு முழுக்கச் சிலந்தி வலை. நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை, கண்ணுக்கோ நூற்றுக்கணக்கில் வெள்ளைக் கோடுகள்.

முதலில் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் மனைவியின் வளையலை. மலேசியா போகும்போது உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நான்கு பாஸ்போர்ட்டையும் அந்தப் பளபளப்பின் மேல்தான் போடுவோம், அதையும் விட்டுவைக்கவில்லை. வாரம் தவறாமல் துடைத்துப் பராமரிக்கும் என்னை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

உண்மை தெரிந்தது 2020இல். சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கக் காலத்தில் கார் கிட்டத்தட்ட இரண்டு மாதம் கார்பார்க்கில் சும்மாவே நின்றது. ஜூன் மாதம் கதவைத் திறந்தால் உள்ளே மெல்லிய தூசி. கையோடு கொண்டுபோன காய்ந்த துணியால் நன்றாக அழுத்தி ஒரு இழுப்பு. போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். துணி போன பாதையில் அரைவட்டமாகப் புதுக் கோடுகள். துணி படாத ஓரத்தில் தூசி இருந்தது, கோடு இல்லை. இரண்டு மாதம் யாருமே தொடாத பரப்பில் ஒரு நிமிடத்தில் கீறல் போட்டது நான்தான்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தூசி என்று நாம் சொல்வதில் மணலும் உண்டு. மணலின் குவார்ட்ஸுக்குக் கடினத்தன்மை அளவுகோலில் 7, சாதாரணக் கண்ணாடியே அதற்குக் கீழேதான். பிளாஸ்டிக் எம்மாத்திரம்? துணியை அழுத்தினால் அது உப்புத்தாளாகிவிடுகிறது. கீறல் எல்லாப் பிளாஸ்டிக்கிலும்தான் விழும். சாம்பல் நிறச் சொரசொரப்பில் ஒளி ஏற்கெனவே சிதறுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணாடிபோல் இருக்கும் கறுப்பில் ஒரு மயிரிழைக் கோடுகூட ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகப் பல்லை இளிக்கும். போதாததற்கு, காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மறுபடி தூசியைப் பிடித்து இழுக்கும். நான் துடைத்த மறுநாளே தூசி சேர்ந்ததற்கும், அதனால் நான் இன்னும் துடைத்ததற்கும் அதுதான் காரணம். வெளியே காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஊர்தான் இது. ஆனால் ஏர்கான் ஓடும் காருக்குள் காற்று காய்ந்துதான் கிடக்கிறது.

நான் செய்த மற்ற தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். புதுக்கார் பூஜையில் டேஷ்போர்டில் வைத்த சந்தனம் காய்ந்ததும் டிஷ்யூவால் சுரண்டினேன். டிஷ்யூ மென்மையானது என்று நினைப்போம், ஆனால் அது மரநார். கூடவே காய்ந்த சந்தனத்தின் பொடி. அந்த இடம் இன்றும் தனியாகத் தெரிகிறது. இப்போதெல்லாம் ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை விபூதிப் பொட்டலம் கியர் பக்கத்துக் குழியில் கிடந்து சிந்தும். அதற்கு ஒரு சின்ன டப்பா வாங்கி வைத்ததோடு சரி.

வெள்ளைக் கடற்பஞ்சு மாதிரி ஒன்று விற்பார்களே, சுவர்க் கறையெல்லாம் போக்கும், மெலமைன் பஞ்சு. அதைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். கறையைச் சுரண்டித்தான் எடுக்கும். பற்பசை வைத்துத் தேய்த்தால் கீறல் போகும் என்பதும் இதே கதை. பளபளப்புக்காக அடிக்கும் சிலிகான் ஸ்பிரே கீறல்களை இரண்டு நாள் மறைக்கும். பிறகு பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, துடைக்கும் வேலைதான் கூடும்.

இன்னொன்று. வழக்கமாக நான் வெளிப்பக்கம் கழுவக் கொடுக்கும் இடத்தில், கதவு இடுக்கைத் துடைத்த அதே துணியோடு ஒருவர் காருக்குள் குனிந்தார். "அண்ணே, உள்ளே வேண்டாம், வெளியே மட்டும் போதும்" என்று ஓடினேன். "காசு இல்ல தம்பி, இது ஃப்ரீ" என்றார். அந்த ஃப்ரீயின் அடையாளம் இன்னும் ஏர்கான் பட்டன் வரிசையில் இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? முதலில் கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதுகுழல். 12 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். இதுவரை கார் உட்புறத்துக்கு வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இதுதான். நான்கைந்து அழுத்தலில் பட்டன் இடுக்குத் தூசி பறந்துவிடும். கீழே மிதியடியில் விழுந்ததை வேக்கம் பார்த்துக்கொள்ளும். பாதி நாள் இதோடு நிறுத்திவிடுகிறேன், துணியே எடுப்பதில்லை. மென்மயிர்த் தூரிகையும் ஒன்று வைத்திருக்கிறேன். அது ஏர்கான் துவாரத்துக்கு மட்டும். காய்ந்த நிலையில் பளபளப்பில் ஓட்டிப் பார்த்ததில் அதுவும் மெல்லிய கோடு போட்டது.

விரல்ரேகை இருந்தால்தான் துணி. ஓரத் தையல் இல்லாத, புசுபுசுவென்ற மைக்ரோஃபைபர். தையல் நூலும் அதில் ஒட்டியிருக்கும் லேபிளும் கூடக் கீறும் என்பது லேபிளை வெட்டாமல் துடைத்த அன்று தெரிந்தது. டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு கலந்து துணியில்தான் அடிப்பேன், பரப்பில் அல்ல. பட்டனுக்குள் தண்ணீர் இறங்கினால் வேறு செலவு. துணியை இரண்டு மடிப்பு மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் ஒரே ஒரு இழுப்பு, நேர்கோட்டில், துணியின் எடை மட்டும் போதும். அடுத்த இழுப்புக்கு அடுத்த முகம். வட்டமாகத் தேய்க்கும் பழக்கத்தை விட எனக்கு ஒரு வருடம் ஆனது. வெயிலில் நின்று கொதிக்கும் காரில் இதைச் செய்யாதீர்கள், நீர் உடனே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். இருட்டிய பிறகு, கார்பார்க் விளக்கில் செய்தால் போதும்.

அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். பருத்தித் துண்டோடு போட்டால் பஞ்சு முழுக்க இதில் ஏறிக்கொள்ளும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றினால் இழைகளில் படிந்து, துணி தூசியை வாங்காமல் தள்ளிக்கொண்டே போகும். கீழே விழுந்த துணி டயருக்குத்தான், எவ்வளவு புதிதாக இருந்தாலும். என் மனைவி இதைக் கேட்டு இன்னமும் சிரிக்கிறார்.

பழைய கீறலுக்கு 2020 கடைசியில் நுண்ணிய பாலிஷ் வாங்கிக் கையால் போட்டேன். முக்கால்வாசி போனது, அசல் ஷோரூம் பளபளப்பு. மூன்று மாதம்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு பாலிஷும் பரப்பைக் கொஞ்சம் தேய்த்துத்தான் எடுக்கிறது, அதனால் அடிக்கடி செய்யும் வேலை இல்லை. 2021 தொடக்கத்தில் மறுபடி ஒரு முறை போட்டு, உடனே மேலே டிபியூ என்ற தெளிந்த பிளாஸ்டிக் பாதுகாப்புப் படலம் ஒட்டிவிட்டேன். என் கார் மாடலுக்கென்றே வெட்டி வந்த செட், 35 வெள்ளி. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒட்டி, ரப்பர் தகட்டால் நீரை வெளியே தள்ளி, ஓரங்களுக்கு ஹேர் டிரையர். முதல் துண்டில் ஒரு தூசி சிக்கி, கொப்புளம் மாதிரி இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

படலத்தில் கீறல் விழாது என்று இல்லை. விழும், ஆனால் மெல்லியது சூட்டில் தானாக ஆறிவிடும். துவாஸில் நான் நிறுத்துவது திறந்தவெளி லாட். பத்து மணிநேர வெயிலால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இது. பாஸ்போர்ட் உரசிய கோடு திங்கள்கிழமை காலையில் இருந்தது, மாலையில் இல்லை. சாவி ஆழமாகப் போட்ட கோடு மட்டும் ஆறவில்லை. இரண்டாம் வருடம் வளைவான ஒரு மூலை எழும்பி அழுக்கு சேர்ந்தது, அந்தத் துண்டை மட்டும் மாற்றினேன். மலிவான படலம் மஞ்சளாகும். கறுப்பின் மேல் அது தெரியாது, காரின் டிஸ்பிளே திரையில் நன்றாகத் தெரியும். திரைக்கு ஒட்டியதை ஒன்றரை வருடத்தில் பிய்த்துவிட்டு வேறு போட்டேன்.

திரையையும் மீட்டர் முன்னால் இருக்கும் தெளிந்த பிளாஸ்டிக்கையும் இன்னும் பயந்து தொட வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் திரையின் பூச்சைக் கெடுத்துவிடும். ஆல்கஹாலும் சில பிளாஸ்டிக்குகளில் நுண்ணிய வெடிப்பு விடும். வெறும் ஈரத்துணியே போதும்.

ஆறு வருடம் முடிந்து பார்த்தால், படலம் ஒட்டிய கியர் பகுதி நன்றாக இருக்கிறது. ஒட்டாமல் விட்ட கதவுப் பட்டன் பட்டையில் பழைய கோடுகள் அப்படியே உள்ளன, புதிதாக அதிகம் சேரவில்லை. காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழான சிஓஇ 2029 வரை. ஸ்டார்ட் பட்டனைச் சுற்றிய துண்டு ஓரத்தில் எழும்பத் தொடங்கியிருக்கிறது. புதியது வந்து வீட்டில் கிடக்கிறது, பேபி ஷாம்புதான் தீர்ந்துவிட்டது.