குழந்தை சைக்காலஜிய கரஸ்ல படிக்கணுமா? எந்தப் படிப்பு எதுக்கு ஆகும்னு ஒரு அலசல்

"கரஸ்ல, அதாவது தபால் வழில, சைல்டு சைக்காலஜி பண்ணலாம்னு இருக்கேன், எது பெஸ்ட்"னு யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்கறது, படிச்சு முடிச்சுட்டு என்ன பண்ணப் போறீங்கன்னுதான். இதுல ரெண்டு தனித்தனி விஷயம் கலந்து கெடக்கு. குழந்தைய புரிஞ்சுக்கறது ஒண்ணு, அத வீட்ல இருந்துட்டே புக்கு வச்சுட்டு, பக்கத்து பால்வாடில போய் உக்காந்து பாத்து நல்லாவே கத்துக்கலாம். இன்னொண்ணு, இந்தக் குழந்தைக்கு இன்ன பிரச்சனைன்னு ரிப்போர்ட் எழுதி கையெழுத்து போடறது. அந்தக் கையெழுத்து கரஸ்ல வராது, எவ்ளோ பீஸ் கட்டினாலும் வராது. நான் ப்ளே ஸ்கூல் வேலை பாத்துட்டே இக்னோல (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) டிப்ளமோ முடிச்சவ, அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வா பேசுவேன், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

மொதல்ல எல்லாரும் கேக்கற சைக்காலஜி எம்.ஏ., எம்.எஸ்சி. இக்னோ, மெட்ராஸ் யுனிவர்சிட்டின்னு வருஷக்கணக்கா இதுல ஆயிரக்கணக்கான பேர் சேந்தாங்க. இப்ப அந்தக் கதவ மூடியாச்சு. 2021ல அலைடு அண்ட் ஹெல்த்கேர் ப்ரொஃபஷன்ஸ்க்குன்னு, அதாவது மருத்துவம் சார்ந்த தொழில்களுக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சுல்ல, அந்தச் சட்டத்துக்குள்ள வர்ற படிப்பு எதையும் கரஸ்லயோ ஆன்லைன்லயோ நடத்தக்கூடாதுன்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 ஆகஸ்ட்ல உத்தரவு போட்டுச்சு, சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, ஃபுட் அண்ட் நியூட்ரிஷன் எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கு, 2025 ஜூலை-ஆகஸ்ட் செஷன்ல இருந்து புது அட்மிஷன் கிடையாது. பல பாடம் இருக்கற பி.ஏ.ல கூட சைக்காலஜிய மட்டும் தனியா உருவிடணும். இன்னமும் யாராச்சும் "சீட் இருக்கு மேடம், இன்னிக்கே பணம் போடுங்க"ன்னு போன் பண்ணா, போனை வச்சுடுங்க.

உத்தரவுல நியாயம் இருக்கு, மனுஷ மனசத் தொடற வேலைய தபால்ல கத்துக்கிட்டு வந்து பண்ணக்கூடாதுன்னு சொல்றது சரிதான். ஆனா தேனிலயோ அறந்தாங்கிலயோ ரெண்டு குழந்தைய வச்சுட்டு, வேலைக்கும் போயிட்டு இருக்கற பொண்ணுக்கு கோயம்புத்தூர், சென்னைக்கு வந்து ரெகுலர்ல ரெண்டு வருஷம் படின்னா அது நடக்கற காரியமா? அதுக்கு பதில் ஒண்ணும் அந்த உத்தரவுல இல்ல.

அதே சமயம் போன படிப்ப நெனச்சு ரொம்ப ஏங்கவும் வேணாம். இக்னோ எம்.ஏ. சைக்காலஜில முதல் வருஷம் காக்னிடிவ், பர்சனாலிட்டி, சோஷியல், ரிசர்ச் மெத்தட்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ்னு போகும், குழந்தைய நேரா பாக்கற பேப்பர்னு சொன்னா லைஃப்ஸ்பான் சைக்காலஜி ஒண்ணுதான், அதுவும் கருவுல ஆரம்பிச்சு முதுமை வரைக்கும் ஓடிடும். ரெண்டாவது வருஷ ஸ்பெஷலைசேஷன் கிளினிக்கல், கவுன்சலிங், இண்டஸ்ட்ரியல், இந்த மூணுல ஒண்ணு. சைல்டு டெவலப்மென்ட்னு தனியா கிடையாது. பேருக்குப் பின்னாடி போடறதுக்கு கெத்தா இருந்துச்சு, மூணு வயசுக் குழந்தை ஏன் கடிக்குதுன்னு தெரிஞ்சுக்க அது ரொம்ப சுத்து வழி.

இப்ப இக்னோவோட எர்லி சைல்ட்ஹுட் கேர் அண்ட் எஜுகேஷன் டிப்ளமோ, சுருக்கமா டி.இ.சி.இ. பிளஸ் டூ போதும், 32 கிரெடிட், குறைஞ்சது ஒரு வருஷம், வேலைக்குப் போறவங்க இழுத்துப் பிடிச்சு மெதுவாவும் முடிக்கலாம். குழந்தைகள் மையத்த எப்படி நடத்தறது, குழந்தையோட ஆரோக்கியமும் சாப்பாடும், குழந்தைகளுக்கான சேவைகள்னு மூணு தியரி பேப்பர், அப்புறம் ப்ராஜெக்ட். இக்னோல ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் படிப்புன்னு கணக்கு, அப்ப 32க்கு பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம், சும்மா படுத்துட்டே முடிக்கற சமாச்சாரம் இல்ல. அசைன்மென்ட்டுக்கு ஒரு வெயிட்டேஜ் இருக்கு, அத கடைசி வாரம் யூட்யூப் பாத்து காப்பி அடிக்கறவங்கதான் ஜாஸ்தி, அப்படிப் பண்ணா அந்தப் படிப்போட சத்து மொத்தமும் போச்சு.

என் கணக்குல இந்தப் படிப்போட உயிர் ப்ராஜெக்ட்லதான் இருக்கு, ஏன்னா அங்கதான் நெஜ குழந்தைகளோட உக்காரணும், பாத்தத எழுதணும். எழுதறதுன்னா எப்படி? "ஆதி அடம் பிடிச்சான்"னு எழுதினா அது நம்ம தீர்ப்பு. "இன்னொரு பையன் வண்டிய எடுத்ததும் ஆதி தரையில உக்காந்தான், ரெண்டு நிமிஷம் சத்தமா அழுதான், நடுவுல ரெண்டு தடவ டீச்சர் பாக்கறாங்களான்னு திரும்பிப் பாத்தான், டீச்சர் பக்கத்துல வந்து உக்காந்ததும் நிறுத்தினான்"னு எழுதினா அது அப்சர்வேஷன். ரெண்டாவத எழுதப் பழகிட்டா அடுத்த தடவ நீங்க அவன திட்ட மாட்டீங்க, பக்கத்துல போய் உக்காருவீங்க. இது எந்த வீடியோ பாத்தும் வராது, நோட்டும் பேனாவும் எடுத்துட்டு குழந்தைக்கு முன்னாடி உக்காந்தாதான் வரும்.

குழந்தை மனசு எப்படி வளருதுன்னு ஆராய்ஞ்ச பியாஜே சொன்ன கன்சர்வேஷனும் (பாத்திரம் மாறினாலும் அளவு மாறாதுன்னு புரிஞ்சுக்கறது) அதே மாதிரிதான், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணா ஒரு வாரத்துல மறந்துடும். நாலு வயசுப் பிள்ளை முன்னாடி ஒரே மாதிரி ரெண்டு டம்ளர்ல பால ஊத்துங்க, ரெண்டும் ஒரே அளவுதானேன்னு அதையே சொல்ல வைங்க, அப்புறம் அது கண்ணு முன்னாடியே ஒண்ணுல இருக்கறத டபராவுல ஊத்துங்க, இப்ப எதுல ஜாஸ்தின்னு கேளுங்க. பெரும்பாலும் டம்ளர்ல தான்னு சொல்லும், ஏன்னா அதுக்கு உயரம் மட்டும்தான் கண்ணுல படுது, அகலத்தையும் சேத்துப் பாக்கற புத்தி ஏழு வயசு சுமாருக்குத்தான் வரும். இதப் பாத்தவங்க "அவனுக்கும் உனக்கும் ஒரே அளவுதான்டா"ன்னு நாலு வயசுக்காரன் கிட்ட வாதாடறத நிறுத்திட்டு பேசாம ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ் டம்ளர் வாங்கிடுவாங்க.

டி.இ.சி.இ.க்கு குறையும் இருக்கு. இத வச்சு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத முடியாது, சைக்காலஜிஸ்ட்னு போர்டும் மாட்ட முடியாது. ப்ளே ஸ்கூல், க்ரெச், என்ஜிஓ, சொந்தமா ஒரு சென்டர், இந்த ஏரியாவுக்கு மட்டும் நல்ல அஸ்திவாரம். பாட புஸ்தகமும் சில இடத்துல பழசு வாசம் அடிக்கும், மொபைல் ஸ்க்ரீன் முன்னாடியே வளர்ற குழந்தையப் பத்தி அதுல தேடாதீங்க.

ஸ்பெஷல் எஜுகேஷன் பி.எட். வேற ரகம். டிகிரி முடிச்சவங்க ரெண்டரை வருஷத்துல திறந்தநிலைல பண்ணலாம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்துது, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அனுமதி வேணும். முடிச்சா ஆர்சிஐ ரிஜிஸ்டர்ல நம்பரோட பேர் ஏறும், அந்த நம்பர்தான் இங்க சொத்து. கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடுன்னு தினசரி குழந்தைகளோட வேலை பாக்க சட்டப்படி இடம் கிடைக்குது. கரஸ்னு பேரே தவிர கான்டாக்ட் கிளாஸ், ஸ்பெஷல் ஸ்கூல் ப்ராக்டிகல்னு உடம்பு நெஜமாவே அங்க இருக்கணும், லீவு தராத வேலைல இருக்கறவங்களுக்கு முழி பிதுங்கிடும். சென்டர் எந்த ஊர்லன்னும் அந்த வருஷத்து அனுமதி இருக்கான்னும் பாக்காம பணம் கட்டாதீங்க. என்னக் கேட்டா, வேலைன்னு யோசிக்கறவங்களுக்கு இப்ப கரஸ்ல இருக்கறதுலயே கனமான ஆப்ஷன் இதுதான்.

மத்திய அரசோட ஸ்வயம் தளம் மாதிரி ஆன்லைன் கோர்ஸ் பாடம் கேக்க ஃப்ரீ, சர்டிஃபிகேட் வேணும்னா பரீட்சைக்கு மட்டும் பீஸ். அம்மா அப்பாவுக்கு தாராளமா போதும், ஏற்கனவே டீச்சரா இருக்கறவங்களுக்கும் நல்ல டாப்-அப், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

எனக்கு கோவம் வர்றது இன்ஸ்டால ஓடற விளம்பரத்தப் பாத்துத்தான். மூணு மாசத்துல சைல்டு சைக்காலஜிஸ்ட் ஆகலாம், இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட், தங்கக் கலர் முத்திரை. 1992 ஆர்சிஐ சட்டப்படி ரிஜிஸ்டர்ல இல்லாதவங்க கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா ப்ராக்டிஸ் பண்ணா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஆயிரம் ரூபா அபராதத்துக்கு யார் பயப்படப் போறா, அதான் ஊருக்கு நாலு போர்டு தொங்குது. ஐக்யூ டெஸ்ட் ரிப்போர்ட், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு போற ரிப்போர்ட் இதுக்கெல்லாம் அவங்க காகிதம் செல்லாதுன்னு பேரன்ட்ஸுக்கு தெரிய வர்றதுக்குள்ள பணமும் போயிருக்கும், குழந்தைக்கு தெரபி ஆரம்பிக்க வேண்டிய வயசும் தாண்டியிருக்கும்.

ஆக இருபது வயசுல, கிளினிக்கல் பக்கம்தான் மனசு இருக்குன்னா கரஸ் யோசனைய விட்டுட்டு ரெகுலர் டிகிரிக்கு அப்ளை பண்ணுங்க, ஆர்சிஐ அங்கீகாரம் பெற்ற படிப்பு வரைக்கும் போய்த்தான் ஆகணும். டிகிரி கைல இருக்கு, ஸ்கூல் வேலை வேணும்னா ஸ்பெஷல் பி.எட். பிளஸ் டூவோட நின்னுட்டீங்க, குழந்தைகளோட வேலை பாக்கறீங்கன்னா டி.இ.சி.இ. தயங்காம சேரலாம். வீட்டுக் குழந்தைக்காக மட்டும்னா ஸ்வயம், செலவே இல்ல.

கரஸ் டிகிரி எதுல சேந்தாலும் யுஜிசியோட டிஇபி (தொலைதூரக் கல்விப் பிரிவு) போர்டல்ல அந்த யுனிவர்சிட்டி பேர், அந்தப் படிப்பு பேர், அந்த செஷன், மூணும் ஒரே வரிசைல இருக்கான்னு நீங்களே பாருங்க, ஏஜென்ட் அனுப்பற ஸ்க்ரீன்ஷாட்ட நம்பாதீங்க. கரஸ், ஆன்லைன் டிகிரில சேர்றதுக்கு டிஇபி ஐடி வேற இப்ப கேக்கறாங்க, அத முன்னாடியே எடுத்து வச்சுடுங்க. இக்னோ அட்மிஷன் ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு தடவ, ஒண்ணு தவறினாலும் ஆறு மாசம்தான் லேட்டு.