உதவித்தொகை வாங்கித் தர்றோம்னு 18,500 ரூபாய் சுருட்டிட்டாங்க: கம்பம், குமுளி பக்கம் உள்ளவங்க கவனம்

18,500 ரூபாய் போச்சு. நியாயமா கிடைக்க வேண்டிய சலுகையும் சேர்ந்து போச்சு. கம்பம் பக்கம் ஒரு கல்வி ஆலோசனை மையம், பேர் வேண்டாம்.

பிள்ளை எங்க அக்கா மகள். அக்காவும் மச்சானும் ஏலத்தோட்ட வேலை. 6 முதல் 8 வரை இடுக்கியில கேரள அரசுப் பள்ளியில தமிழ் மீடியம், 9 முதல் 12 வரை கம்பத்துல அரசுப் பள்ளி. “எட்டு வரைக்கும் எங்க படிச்சாலும் அரசு உதவித்தொகை கிடைக்கும்க்கா, ஜி.ஓ.விலயே (அரசாணை) இருக்கு”ன்னு மையத்து ஆள் ஒரு நகலை எடுத்து, மஞ்சள் மார்க்கர்ல கோடு போட்டுக் காட்டினான். அரசாங்கத் தாளைப் பார்த்தா யார்தான் நம்ப மாட்டாங்க?

அந்த விதிவிலக்கு நிஜம்தான். ஆனா அது ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) கோட்டாவுல தனியார் பள்ளியில 8 வரை படிச்சு, 9-ல அரசுப் பள்ளிக்கு மாறின பிள்ளைகளுக்கு. மார்க்கர் கோடு அந்த வார்த்தைகளைத் தாண்டித்தான் ஆரம்பிச்சிருக்கு. காலேஜ் சீட்ல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, காலேஜ் படிக்கிற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப்பெண் திட்டம், ரெண்டுக்குமே 6 முதல் 12 வரை தமிழ்நாட்டுல படிச்ச படிப்புதான் கணக்கு. கேரளத்துல அரசுப் பள்ளின்னாலும் செல்லாது.

அடுத்தது இன்னும் மோசம். முதல் பட்டதாரிக்கான காலேஜ் ஃபீஸ் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. குடும்பத்துல முன்னாடி யாரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாது, சீட் கவுன்சிலிங்ல வந்திருக்கணும், அவ்வளவுதான். இவளுக்கு அது தாராளமா கிடைச்சிருக்கும். “கவுன்சிலிங் வரைக்கும் காத்திருந்தா நல்ல காலேஜ் போயிரும்”னு அவசரப்படுத்தி மேனேஜ்மெண்ட் கோட்டாவுல சேர்த்துவிட்டான். காலேஜ்ல அவனுக்குக் கமிஷன், வேற எதுக்கு? மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. சான்றிதழ் மட்டும் கையில இருக்கு. இ-சேவையில 60 ரூபாய்க்குக் கிடைக்கிற சான்றிதழ்!

கேட்கப் போனா முதல்ல “சர்வர் டவுன்”. அப்புறம் “ஃபண்ட் ரிலீஸ் ஆகல”. அப்புறம் “தாலுகா ஆபீஸ்ல பெண்டிங்”. இப்ப “காலேஜ்ல கேளுங்க”. 18,500-ல 8,500 ஜிபேயில போனது, அதுக்காவது தடயம் இருக்கு. மீதி ரொக்கம்; ரசீதுன்னு கொடுத்த துண்டுச் சீட்டுல “அட்வான்ஸ்”னு ஒரே வார்த்தை, சீல் கிடையாது.

விளக்கமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல வரல. இதை மட்டும் பார்த்துக்கோங்க. புதுமைப்பெண்ணுக்கு விண்ணப்பம் காலேஜ்ல இருக்கிற பொறுப்பு அலுவலர் மூலமாத்தான், இலவசம். ஏஜெண்ட் புதுசா பேங்க் கணக்கு திறந்து ஆதார் இணைக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க. அப்புறம் மத்த அரசுப் பணமும் அந்தக் கணக்குக்கே போகும். தோட்டத்துல இருந்து பிள்ளையை இங்க கொண்டுவந்து படிக்க வைக்கிறவங்க, முடிஞ்சா ஆறாம் வகுப்புலயே இங்க அரசுப் பள்ளியில சேர்த்துடுங்க. ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட் எதையும் இந்த மாதிரி இடத்துல கொடுக்காதீங்க. எங்க பிள்ளையோடது இன்னும் அவன் மேசை டிராயர்லதான் கிடக்கு, “பாக்கி 4,000 கட்டிட்டு வாங்கிக்கோங்க”ங்கிறான்.