போன் குரோம்ல அட்ரஸ் காப்பி பண்ணுத பட்டன், 5க்கு 4

எங்க சித்தப்பா அம்பாசமுத்திரத்துல வயக்காடு வச்சிருக்காவ. பிசான நெல் பருவத்துக்கு சொசைட்டில பயிர்க்கடன் கேக்கணும், பட்டா சிட்டா எடுக்கணும்னு போன் போட்டாவ. போன தடவை கூகுள்ல பட்டான்னு அடிச்சு முதல்ல வந்ததைத் தொட்டிருக்காவ, அது ஏதோ பிரைவேட் சைட்டு, 200 ரூவா கட்டச் சொல்லி கட்டியும் ஒண்ணும் வரல. அதான் இந்த தடவை "ஏல, சரியான அட்ரஸ மட்டும் அனுப்பு, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்"னாவ. அனுப்பிட்டேன், ஆனா அவங்களே எடுக்கப் படிச்சா நல்லதுன்னு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போய் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தேன்.

ஆண்ட்ராய்டு போன்ல குரோம்ல சைட்டைத் திறந்துட்டு, மேல அட்ரஸ் இருக்க கட்டத்தை ஒரு தட்டு தட்டுங்க. கீழ சைட்டு பேரும் அட்ரஸும் வரும், பக்கத்துல சின்னச் சின்னப் படம் இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு தாள் வச்ச மாதிரி இருக்கதுதான் காப்பி. அதைத் தொட்டுட்டு வாட்ஸ்அப்ல டைப் அடிக்க இடத்துல விரலை அமுக்கிப் பிடிச்சா பேஸ்ட்னு வரும், அவ்வளவுதான். இதுக்கு முன்னால சித்தப்பா எழுத்து மேல விரலை வச்சு அந்த நீலக் குமிழைப் பிடிச்சு இழுத்து இழுத்துப் பாப்பாவ, மம்பட்டி பிடிச்சுக் காய்ச்ச விரலு, கடைசி நாலெழுத்து எப்பவும் விட்டுப் போயிரும், லிங்கும் திறக்காது. இந்தப் பட்டன்ல ஒரு எழுத்து கூட விடாது, இதுக்கே நாலு ஸ்டார் குடுக்கலாம்.

முதல் தடவை அவங்க எனக்கு அனுப்புனது கூகுள் தேடுன பக்கத்தோட அட்ரஸ். நிறைய பேர் இதைத்தான் பண்ணுதாங்க. சைட்டுக்குள்ள போன பொறவுதான் காப்பி பண்ணணும், மேல என்ன பேரு நிக்குதுன்னு பாக்கணும். பட்டா பாக்க சைட்டுன்னா https:// இருந்தா அதை விட்டுட்டு, முதல் சாய்வுக்கோடுக்கு (/) முன்னால 'டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்'ன்னு (tn.gov.in) முடியணும், பட்டா பாக்க அரசு சைட்டான இ-சர்வீசஸ் அங்கதான் இருக்கு, பட்டா பாக்க துட்டே கிடையாது. இன்னொண்ணு, ஓடிபி போட்டு உள்ள போன பக்கத்து அட்ரஸ அனுப்புனா எதுத்தாப்ல இருக்கவங்களுக்கு நீங்க பாத்தது வராது, முதல் பக்கத்தையே அனுப்புங்க.

ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னா, தமிழ்ல பேரு வச்ச பக்கம். விக்கிபீடியால திருநெல்வேலி பக்கத்தைக் காப்பி பண்ணி ஒட்டுனேன், நம்ம ஊர் பேரு காணும், பர்சென்ட் குறியும் ஆங்கில எழுத்தும் நம்பருமா நீளமா வந்து நிக்கி. வெப் அட்ரஸ்ல தமிழ் எழுத்து நேரடியாப் போகாது, கால், கொம்பு, புள்ளி எல்லாத்தையும் தனியா எண்ணி ஒவ்வொண்ணுக்கும் 9 எழுத்து ஆகும், திருநெல்வேலிங்க ஒரு சொல்லு மட்டும் 108 எழுத்து! சித்தப்பா அதைப் பாத்து வைரஸான்னு பயந்துட்டாவ. பயப்பட வேண்டாம், தொட்டா சரியாத் திறக்கும், ஆனா நடுவுல வெட்டிராதீங்க.

கம்ப்யூட்டர்னா கன்ட்ரோலும் எல்லும் அமுக்குனா அட்ரஸ் முழுசும் செலக்ட் ஆயிரும், பொறவு கன்ட்ரோல் சி. ஐபோன்ல அட்ரஸ் மேல அமுக்கிப் பிடிச்சாலே காப்பின்னு கேக்கும்.

சித்தப்பா இப்ப அந்த அட்ரஸ வாட்ஸ்அப்ல தனக்குத்தானே அனுப்பி வச்சிருக்காவ, அடுத்த கார் பருவத்துக்கும் அதுலருந்தே எடுத்துக்கிடுவேங்காவ.